ஒன் பிட்ச் கேட்ச்

திருச்சி பொன்மலை ரயில்வே காலனியை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டு ஷோகேஸ். மேல் தட்டில் மகளின் பட்டமளிப்புப் படம், ஒரு ஜோடி மரப்பாச்சி, ஒர்க் ஷாப்பில் ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் கொடுத்த மேசைக் கடிகாரம். கீழ்த் தட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதன் வாயில் முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது ஒரு டென்னிஸ் பந்து. ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் ரோமம் லேசாகத் தேய்ந்திருக்கிறது. ஷோகேஸுக்குப் பூட்டு உண்டு. சாவி வீட்டுக்காரர் அரைஞாணில்.

2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை. பொன்மலையில் சந்தை நாள். மற்ற ஞாயிறுகளில் கூடையோடு கிளம்புகிறவர் அன்று மருமகன் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டோடு பல்லவன் ஏறினார். சேப்பாக்கத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஆட்டம். சென்னை தோற்றது. தோற்ற பிறகும் கூட்டம் கலையவில்லை, அந்த சீசனில் சேப்பாக்கத்தில் சென்னையின் கடைசி லீக் ஆட்டம் அது. தோனி முழங்காலில் பட்டையோடு மைதானத்தைச் சுற்றி வந்தார், கையில் டென்னிஸ் ராக்கெட். ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் பந்துகளை அடித்து உள்ளே அனுப்பினார். கவாஸ்கர் ஓடிப்போய்ச் சட்டையில் கையெழுத்து வாங்கியதும் அன்றைக்குத்தான்.

ஒரு பந்து முன்வரிசை நாற்காலி முதுகில் பட்டு எகிறியது. நம்மவர் இடது கையை நீட்டினார். ஒட்டிக்கொண்டது. தெருக் கிரிக்கெட் ஆடியவர்களுக்குப் புரியும்: ஒன் பிட்ச், ஒன் ஹேண்ட். எங்கள் தெருவில் அது அவுட்.

பக்கத்து சீட்டில் ஏழாம் நம்பர் சட்டை போட்ட ஒரு பொடியன். வயது எட்டுக்குள் இருக்கும். உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். பின்னாலிருந்து முதலில் ஒரு குரல்: “பெருசு, சின்னப் பையன்தானே, குடுத்துருங்க.” பிறகு நாலு குரல். பையனின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையிலிருந்த செல்போன் கேமராவை இவர் பக்கம் திருப்பித் தயாராகப் பிடித்துக்கொண்டார். நம்மவர் பந்தைத் துண்டில் முடிந்தார், துண்டை மஞ்சள் பையில் வைத்தார், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெரினா பக்கம் நடந்துவிட்டார்.

“தம்பி, 86-ல ஆஸ்திரேலியா மேட்ச் டை ஆச்சே, அன்னிக்கு நான் ஷாப்புக்குள்ள டிரான்சிஸ்டரைக் காட்டன் வேஸ்ட்டுக்கு அடியில வச்சுக் கேட்டவன். சேப்பாக்கம் போகணும்னு அப்ப நெனச்சது. போக முப்பத்தேழு வருஷம் ஆச்சு. அந்தப் பையனுக்கு எட்டு வயசு. அவனுக்கு வேற பந்து வரும்” என்றார் என்னிடம்.

அவர் செய்தது சரி என்பதுதான் இந்தக் கட்டுரை.

‘பெரியவர்கள் பிடித்த பந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டுமா?’ என்று ஆசிரியர் குழு தலைப்பைக் கொடுத்தபோது, இதெல்லாம் அமெரிக்காவின் கவலை என்றுதான் நினைத்தேன். அங்கே பேஸ்பாலில் பார்வையாளர் பக்கம் வரும் பந்து பிடித்தவருக்கே சொந்தம். 2025 செப்டம்பரில் மயாமியில் நடந்த பிலடெல்பியா ஆட்டத்துக் கூத்தை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள்: மகனிடம் அப்பா கொடுத்த பந்தை, ‘அது என்னுடையது’ என்று ஒரு பெண் வாங்கிப்போன காட்சி. அதற்குச் சில நாள் முன்புதான் நியூயார்க் டென்னிஸில் ஒரு வீரர் சிறுவனுக்கு நீட்டிய தொப்பியை நடுவில் ஒருவர் எடுத்துக்கொண்டது. உலகமே நீதிபதியானது. மயாமி விவகாரத்தில் சம்பந்தமே இல்லாத பெண்களையெல்லாம் ‘இவர்தான் அவர்’ என்று கைகாட்டினார்கள். ‘அவர் எங்கள் ஊழியர் அல்ல’ என்று ஒரு பள்ளி நிர்வாகம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஒரு பந்துக்கு இவ்வளவு.

அதே பிலடெல்பியாவில் நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இன்னும் ருசி. அப்போதெல்லாம் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 1921-ல் நியூயார்க்கில் ஒரு ரசிகர் திருப்பித் தர மறுத்தார், மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள், வழக்குப் போட்டு 100 டாலர் இழப்பீடு வாங்கினார். அடுத்த ஓரிரு வருஷத்தில் பிலடெல்பியாவில் 11 வயதுப் பையன் ஒருவன் பந்தைச் சுருட்டிக்கொண்டதற்காக ஒரு ராத்திரி காவலில் கிடந்தான். நீதிபதி, எந்தப் பையனும் செய்வதைத்தானே செய்தான் என்ற நியாயத்தில் விட்டுவிட்டார். கவனியுங்கள், அந்தப் பையனுக்கு யாரும் பந்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. அவனே எடுத்தான்.

இன்று அந்தப் பந்துக்குள் பணம் புகுந்துவிட்டது. 2024-ல் ஷோஹெய் ஒட்டானி அடித்த ஐம்பதாவது ஹோம் ரன் பந்து ஏலத்தில் சுமார் 44 லட்சம் டாலர். நம் கணக்கில் 36 கோடி ரூபாய்க்கு மேல். என் கையிலிருந்து பிடுங்கினார்கள் என்று ஒரு 18 வயது இளைஞர் அதற்கும் நீதிமன்றம் போனார். 18 வயது குழந்தையா, பெரியவரா? இந்தக் கேள்விக்கு ‘குழந்தைக்குக் கொடு’ கோஷ்டியிடம் பதில் இல்லை.

நம் ஊர் கிரிக்கெட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. சிக்ஸர் உங்கள் மடியில் வந்து விழுந்தாலும் திருப்பி எறிந்துவிட வேண்டும். டெஸ்ட்டில் 80 ஓவர் வரை ஒரே பந்து உழைக்கிறது. அது எவ்வளவு தேய்ந்தது, எந்தப் பக்கம் பளபளப்பு என்பதிலேயே பாதி ஆட்டம் இருக்கிறது. ஆகவே நமக்குக் கிடைப்பதெல்லாம் தோனி மாதிரி யாராவது அடித்து அனுப்பும் டென்னிஸ் பந்து, இல்லாவிட்டால் சட்டை. திருச்சிக்காரர்களுக்கு அதுவும் எட்டாது. டி.என்.பி.எல்.லில் திருச்சி பேரில் அணி இருக்கிறது, பார்க்க வேண்டுமென்றால் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் மாதிரி வெளியூருக்குப் போக வேண்டும். (நியூசிலாந்தில் ஒற்றைக் கையில் சிக்ஸர் பிடித்த பார்வையாளருக்குப் பணப்பரிசு என்று ஒரு போட்டி சில காலம் நடந்தது. பரிசு கொடுத்தது பீர் விற்பவர்கள். ஆகவே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அங்கே யாரும் அழவில்லை.)

சரி, நம் பொடியனுக்கு வருவோம். அவனுக்கு அந்தப் பந்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா வீடியோ எடுத்திருப்பார். நாலு பேர் கைதட்டியிருப்பார்கள். ‘தாத்தாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு’ என்றதும் அவன் கேமராவைப் பார்த்துச் சொல்லியிருப்பான். குழந்தையின் ஒரு நிமிஷச் சந்தோஷம் உங்களுக்குக் கசக்கிறதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும், அதிலும் நியாயம் உண்டு.

ஆனால் தெருவில் ஆடிய எந்தப் பையனையும் கேட்டுப் பாருங்கள், அவன் வாழ்க்கையில் பட்ட முதல் அவமானம் எது என்று. ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பான். அண்ணன் சேர்த்துக்கொள்ள மாட்டான், அம்மா அதட்டுவாள், ‘சரி வா, நீ ஒப்புக்குச் சப்பாணி’ என்று கடைசியில் நிறுத்திவிடுவார்கள். அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ரன் எடுத்தாலும் கணக்கு இல்லை. பந்தை மெதுவாக உருட்டிப் போடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் இரண்டு கோடை விடுமுறைகள் ஒப்புக்குச் சப்பாணியாக இருந்தவன். மூன்றாவது வருஷம் சாக்கடைத் திண்டோரம் ஓடி ஒரு கேட்ச் பிடித்தேன். முட்டி சிராய்ந்து ரத்தம். பேட் பிடித்திருந்த அண்ணன் நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பேட்டைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்தார். அந்த விநாடியில் நான் ஆட்டத்தில் சேர்ந்தேன். யாராவது பிடித்து என் கையில் கொடுத்திருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன்.

பிடித்ததைக் கொடுப்பது அந்தப் பொடியனை மறுபடி ஒப்புக்குச் சப்பாணி ஆக்குவது. அவன் அழுதது பந்து இல்லாததற்கு என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். பந்து வந்தபோது அவன் கை நீளவே இல்லை. பந்து பிடித்த பொன்மலைக்காரர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “பையன் பந்தைப் பாக்கல தம்பி. அவங்க அப்பா போன்ல தெரியுற பந்தைப் பாத்துக்கிட்டு இருந்தான்.”

இங்கேதான் என் உறுத்தல். இந்தப் பிள்ளைகள் கேட்ச் பிடிக்க எங்கே கற்றுக்கொள்வார்கள்?

பொன்மலை மைதானத்துக்குப் பஞ்சமான ஊர் இல்லை. 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து ஒர்க் ஷாப்பை இங்கே கொண்டுவந்தபோது, குவார்ட்டர்ஸோடு மரங்களும் திடல்களும் சேர்ந்தே வந்தன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஹாக்கி மட்டையோடு அலைந்த காலனி இது. சாயங்காலச் சங்கு ஊதியதும் ஒர்க் ஷாப் சைக்கிள்கள் ஒரு பக்கம் வெள்ளமாய் வரும், பசங்கள் மறுபக்கம் மைதானத்துக்கு ஓடுவார்கள். ஜி கார்னரில் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டம் நடக்கும். உங்கள் லாங் ஆனில் நிற்பவன் பக்கத்து ஆட்டத்துக்கு விக்கெட் கீப்பர் மாதிரி இருப்பான். யார் பந்து எது என்று தெரியாமல் நாலு பேர் ஒரே கேட்ச்சுக்கு ஓடுவோம்.

இப்போது அதே ஜி கார்னரில் இன்றைக்குக் கட்சி மாநாடு, நாளைக்குப் பொருட்காட்சி. 2020-ல் கொரோனாவின்போது காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரமே அங்கே வந்து உட்கார்ந்தது, அது அவசரம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை பந்தல் பிரித்த பிறகும் தரையில் மிச்சம் கிடக்கும் ஆணி, குழி, கண்ணாடிச் சில்லு எல்லாம் பையன்களுக்குத்தான். ஸ்ரீரங்கத்தில் இன்னும் மோசம். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் விடியற்காலையில் ஆடிய ஊர். இன்று விடிவதற்குள் வெளியூர் வேன்கள் வரிசை கட்டிவிடுகின்றன. போன மாதம் ஒரு பையன் தரையோடு தரையாகப் படுத்து, வேனுக்கு அடியில் ஸ்டம்பை நீட்டிப் பந்தைத் துழாவிக்கொண்டிருந்தான். டிரைவர் இறங்கி வந்து அவன் காதைத் திருகினார். பந்து உள்ளேயே கிடந்தது.

வசதி உள்ள பிள்ளைகளுக்கு அகாடமி இருக்கிறது. மாதக் கட்டணம், வெள்ளை உடுப்பு, முதுகை மறைக்கும் கிட் பை. அங்கே கேட்ச் பயிற்சியும் உண்டுதான், வரிசையில் நின்று, ஆளுக்கு இத்தனை என்று. குறை சொல்லவில்லை. என்றாலும், எங்கிருந்து வரும் என்று தெரியாத பந்துக்குக் கண்ணை வைத்திருப்பது வேறு வித்தை. அதற்குத் திறந்த இடம் வேண்டும், வாட்ச் கட்டாத சாயங்காலம் வேண்டும், யாரும் வீடியோ எடுக்காத ஆட்டம் வேண்டும். மூன்றையும் பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டு, சேப்பாக்கத்தில் ஒரு பந்தைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்யப் பார்க்கிறோம்.

ஆகவே, சேப்பாக்கத்தில் பந்து பிடித்த பெரியவர்களே, தைரியமாக வீட்டுக்கு எடுத்துப் போங்கள். உங்களுக்கும் ஆசை இருந்தது, உங்கள் கை நீண்டது. பக்கத்துப் பையனுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் போதும்.

நீங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுத்தாக வேண்டிய பந்து வேறொன்று இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு உங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுகிறதே, அது. ரோஜாத் தொட்டி சாய்ந்திருக்கும். ஜன்னல் கண்ணாடிகூடப் போயிருக்கலாம். கேட்டுக்கு வெளியே நாலு தலை தெரியும், யார் உள்ளே போவது என்று கிசுகிசுப்பார்கள், கடைசியில் இருப்பதிலேயே சின்னவனைத் தள்ளிவிடுவார்கள். “மாமி, பந்து” என்பான். அருவாமனையைத் தேடாதீர்கள். பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். உங்கள் அப்பாவைக் கூட்டிட்டு வா என்று சொல்லாதீர்கள். சுவருக்கு மேலே தூக்கிப் போடுங்கள், கொஞ்சம் உயரமாகவே. யாராவது ஒருவன் பிடிப்பான். நல்ல டென்னிஸ் பந்து ஒன்று இன்றைக்கு எழுபது, எண்பது ரூபாய். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வாங்கியது அது.