வாகைக்குளம் வழியாகச் சென்னை

நெல்லையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்பார்கள். நெல்லையில் விமான நிலையமே கிடையாது. பாளையங்கோட்டையைத் தாண்டி, வல்லநாட்டில் தாமிரபரணியைக் கடந்து, சுமார் 30 கிலோமீட்டர் போனால் வாகைக்குளம். பெயர் தூத்துக்குடி விமான நிலையம். ஆனால் இரண்டு ஊருக்கும் அதுதான்.

நெல்லை ஜங்ஷனிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாகைக்குளம் போய்ச் சேர முக்கால் மணி நேரம். விமானம் கிளம்ப ஒன்றேகால் மணி நேரமாவது முன்னால் அங்கே இருக்க வேண்டும். பறப்பது ஒன்றரை. மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, மெட்ரோ பிடித்து நகருக்குள் நுழைய இன்னும் ஒன்றேகால். ஆக, ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதில் வானத்தில் கழிவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ரயிலையும் பார்ப்போம். 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய நெல்லை-சென்னை வந்தே பாரத், சுமார் 650 கிலோமீட்டரை 7 மணி 50 நிமிடத்தில் கடக்கிறது. எழும்பூரில் இறக்கிவிட்டால் நகரத்தின் நடுவிலேயே இறங்கியாயிற்று. விமானத்தால் மிச்சமாவது மூன்று மணி நேரம்தான். 8 பெட்டிகளோடு வந்த அந்த ரயிலைக் கூட்டம் தாங்காமல் 16 பெட்டிகளாக்கியதில் வியப்பில்லை. மதுரைக்குத் தெற்கே ஒற்றைத் தண்டவாளம் இருந்தபோது கிராசிங்குக்காக வண்டிகள் காத்துக் கிடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரவு ஏறிப் படுத்தால் காலையில் சென்னை என்ற நெல்லை எக்ஸ்பிரஸ் கணக்கும் இன்னும் செல்லுபடியாகிறது.

வாகைக்குளத்தின் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர்தான். ஏறத்தாழ 70 பேர் அமரும் ஏடிஆர் விமானம்தான் அங்கே இறங்க முடிந்தது. இறக்கையில் காற்றாடி சுழலும் அந்த விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். ஜெட் விமானம் 800-ஐத் தாண்டும். ஆனாலும் சென்னைக்கு நேர்கோட்டில் 530 கிலோமீட்டர்தானே. ஏறுவதிலும் இறங்குவதிலுமே பாதி நேரம் போய்விடும் என்பதால், ஜெட் வந்தாலும் இருபது நிமிடம் குறைந்தால் அதிகம். 2025 ஜூலை 26 அன்று சுமார் 450 கோடி ரூபாயில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. இதன் உண்மையான பலன் சென்னைப் பயணத்தில் இல்லை.

நெல்லையின் மேலப்பாளையத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவரை நினைத்துப் பார்க்க வேண்டும். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர். ஊர் நெரிசலில் நாலு மணி நேரத்தை நெருங்கிவிடும். அங்கிருந்து துபாய்க்குப் பறக்கும் நேரமும் நாலு மணிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கடல் தாண்டும் தூரத்துக்கு ஆகிற நேரம், ஊரிலிருந்து விமானத்தடிக்குப் போகவே ஆகிறது! வாகைக்குளத்தில் இப்போது ஓடுபாதை நீளம் தடையில்லை. குடியேற்ற, சுங்கச் சோதனைக்கு ஏற்பாடு செய்து ஒரு வளைகுடா விமானத்தை விட்டால், அவருக்குச் சாலையில் மட்டும் மூன்று மணி நேரம் மிச்சம். அதுவரை சென்னை விமான நேரத்துக்கு ஒத்தாற்போல் ஜங்ஷனிலிருந்து பேருந்துகளையாவது ஓட்டலாம். அதற்கு 450 கோடி தேவைப்படாது.