முதலில் புத்தகம், பிறகு மோட்டார் சைக்கிள்

சில வருடங்களாக ஒரே கதையைத்தான் கேட்கிறேன். பெடியன் ஒருவன் பழைய ஹொண்டாவைக் கண்டு மயங்கி வாங்குவான். கராஜில் போட்டு எஞ்சினைப் பிரிப்பான், குரோம் பூசுவான், பெயின்ட் அடிப்பான். எல்லாம் முடிந்து பேர் மாற்றப் போனால், பதிவுப் புத்தகத்தில் உள்ள உரிமையாளர் கனடாவில் இருப்பார், அல்லது உயிரோடு இருக்கமாட்டார். போட்ட காசெல்லாம் மாமரத்தின் கீழ் சாக்கு மூடிக் கிடக்கும்.

மட்டக்களப்பின் கரடியனாற்றில் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. ஜப்பான் தபால்காரருக்காகச் செய்த எம்.டி. 90 இங்கே நெல் மூட்டை சுமந்தது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பவும் திறந்தது. அந்த இடைவெளியில் பழசுக்கும் விலை ஏறிவிட்டது. 1958இல் சிங்கள எழுத்தை எதிர்த்துத் தார் பூசி அழித்த அந்த 'ஸ்ரீ' இலக்கத் தகட்டுக்கே இன்று தனி மவுசு. ஆனால் யுத்த காலத்தில் எத்தனையோ வண்டிகள் கடதாசி இல்லாமல் கைமாறின என்பதை வாங்குபவர் மறந்துவிடுகிறார்.

"ஒரு பிரச்சினையும் இல்ல மச்சான், ஓபின் பேப்பர் இருக்கு" என்பார்கள். பிரச்சினையே அந்த ஓபின் பேப்பர்தான். வெற்றுப் படிவத்தில் யாரோ வைத்த கையெழுத்து உங்களை உரிமையாளர் ஆக்காது. அந்த வண்டி நாளை ஒரு விபத்தில் சிக்கினால் பொலிஸ் தேடிப் போவது பதிவு உரிமையாளரை. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்கு கியூ.ஆர். எடுக்கும்போது, தங்கள் வண்டி இலக்கம் ஏற்கெனவே வேறொருவர் பேரில் பதிவாகிக் கிடந்ததைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. அப்படியும் பாடம் படிக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பதிவுச் சான்றிதழின், அதாவது புத்தகத்தின், மூலப் பிரதியைக் கேளுங்கள். போட்டோ கொப்பி வேண்டாம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பேர் இருந்தால் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் தொடாதீர்கள். விற்பவரின் அடையாள அட்டையும் புத்தகத்தில் உள்ள பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்குபவர் எம்.ரி.ஏ. 6 படிவத்தால் பேர் மாற்ற வேண்டும். விற்பவர் எம்.ரி.ஏ. 8 படிவத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு அவரைக் காப்பது அந்தத் துண்டுதான். கைமாறி இரண்டு கிழமை போக விடாதீர்கள், பிந்தினால் தண்டம்.

பேர் மாற்ற எங்கே போவது என்பதை முன்கூட்டியே அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்திலும், மட்டக்களப்பிலுள்ள திணைக்கள மாவட்ட அலுவலகத்திலும் கேட்டு, தேவையான கடதாசிகளின் பட்டியலை எழுதி வாங்குங்கள். 'நாளைக்கு வாங்க' என்று சொல்வதற்கு அவர்களுக்குச் செலவில்லை. கொழும்பு நாரஹேன்பிட்டித் தலைமையகத்துக்கு இரவு பஸ் ஏறித் திரும்புபவருக்குத்தான் செலவு.

புத்தகம் தொலைந்திருந்தால் பதிவு உரிமையாளரே பொலிசில் முறைப்பாடு செய்து இணைப்பிரதி எடுக்கட்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் வேண்டும். இறந்திருந்தால் முதலில் வாரிசின் பேருக்கு மாறட்டும். "பிறகு பார்ப்போம்" என்றால் காசும் பிறகுதான்.

பல வருடம் ஓடாத வண்டியா? வருமான அனுமதிப்பத்திரம் கடைசியாக எப்போது எடுத்தது என்று பார்த்து, நிலுவை எவ்வளவு என்று செங்கலடிப் பிரதேச செயலகத்தில் விசாரித்து, அதை விலையில் கழியுங்கள். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இல்லாமல் அனுமதிப்பத்திரம் கிடையாது. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் அதுவும் புத்தகத்தில் ஏற வேண்டும்; மாற்று எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

வண்டித் தெரிவு இதைவிடச் சுலபம். முதல் தடவை என்றால் ஒற்றைச் சிலிண்டர் போதும். சி.ஜி. 125இல் வால்வை இயக்குவது தள்ளுகோல், கேம் செயின் தொல்லை இல்லை. சி.டி. 125, சி.டி. 200 இரட்டைச் சிலிண்டர். சத்தம் இனிமைதான், பிஸ்டனும் ரிங்கும் வால்வும் இரண்டு மடங்கு. கிக்கர் இறங்காமல் இறுகிக் கிடக்கும் எஞ்சினை, எவ்வளவு மலிவு என்றாலும், விட்டுவிடுங்கள். பெற்றோல் டாங்கியில் ஓட்டை இருந்தால் தெருவோர வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். காலியான டாங்கியிலும் ஆவி நிற்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். கழுவிவிட்டோம் என்று சொல்வதை நம்பாதீர்கள், வெடிக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். செசி இலக்கத்தின் மேல் தாளை வைத்துத் தேய்த்து அச்செடுங்கள். எஞ்சின் இலக்கத்துக்கும் அப்படியே. அராவின அடையாளமோ, வரிசை தப்பிய எழுத்தோ தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து புத்தகத்தோடு ஒத்துவராவிட்டாலும், விற்பவர் சொந்த மாமாவாக இருந்தாலும், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காசோடு வீடு திரும்புங்கள்.