வாங்கிய ஆண்டே வரியின் அளவுகோல்

கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் சொத்து வரியைத் தீர்மானிப்பது அதன் இன்றைய விலை அன்று. உரிமையாளர் அதை எந்த ஆண்டில் வாங்கினார் என்பதே. 1970களில் வீட்டு விலைகள் வேகமாக ஏறி, அவற்றை ஒட்டி வரியும் உயர்ந்தபோது எழுந்த கொந்தளிப்பில், ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் ஆகியோர் முன்னின்று கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவு, 1978 ஜூன் 6 அன்று மக்கள் வாக்கெடுப்பில் வென்று மாநில அரசமைப்பில் இடம்பெற்றது.

இதன்படி, கவுண்டி எனப்படும் 58 உள்ளாட்சிப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் தேர்தல் மூலம் பதவிக்கு வரும் மதிப்பீட்டாளர், சொத்து கைமாறும் நாளின் சந்தை மதிப்பை, அதாவது பெரும்பாலும் கிரய விலையை, 'அடிப்படை ஆண்டு மதிப்பு' என்று பதிகிறார். அதன்பின் அம்மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறலாகாது. சொத்து மீண்டும் விற்கப்பட்டால் முழுமைக்கும், புதிதாகக் கட்டினால் அப்பகுதிக்கு மட்டும், புதிய மதிப்பீடு செய்யப்படும். 1975க்குப் பின் கைமாறாத சொத்துகளுக்கு அவ்வாண்டு மதிப்பே அடிப்படையாகும். பொது வரி இம்மதிப்பில் 1 விழுக்காடு. வாக்காளர் ஒப்புதல் பெற்ற கடன்களை அடைப்பதற்கான வரி இதற்கு மேற்பட்டது.

வரித் தண்டலர் இதனை இரு தவணைகளில் பெறுகிறார். முதல் தவணையை டிசம்பர் 10க்குள்ளும் இரண்டாவதை ஏப்ரல் 10க்குள்ளும் செலுத்தத் தவறினால் 10 விழுக்காடு அபராதம் சேரும்; குடியிருப்புச் சொத்தின் நிலுவை ஐந்து ஆண்டுகள் தீராதிருந்தால் அதை ஏலத்தில் விற்கும் அதிகாரம் தண்டலருக்கு உண்டு.

சந்தை விலை வீழ்ந்து, பதிவான மதிப்பு அதனினும் மிகுந்து நின்றால், உரிமையாளர் ஜூலை 2 முதல், கவுண்டியைப் பொறுத்து செப்டம்பர் 15 அல்லது நவம்பர் 30 வரை, மதிப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்திடம் முறையிடலாம். ஆயினும் தீர்ப்பு வரும்வரை வரியைக் கட்டியே ஆகவேண்டும், மிகையானது பின்னர் திருப்பித் தரப்படும். அண்டை வீட்டார் குறைவாகக் கட்டுகிறார் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி இவ்வாரியத்தில் நிவாரணம் பெற முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1988இல் வீடு வாங்கியவருக்கு 1,701 டாலர் வரி வந்தபோது, ஒரு தெரு தள்ளி அதே அளவுள்ள வீட்டுக்கு 358 டாலரே விதிக்கப்பட்டிருந்தது. இவ்வேறுபாட்டை எதிர்த்த நார்ட்லிங்கர் எதிர் ஹான் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, இம்முறை சட்டத்தின் முன் சமத்துவம் என்ற கோட்பாட்டுக்கு முரணானதன்று என்று தீர்ப்பளித்தது.

எனவே விலை மிகையாக மதிக்கப்படும் பிழையை வாரியம் திருத்தலாம். வாங்கிய ஆண்டால் விளையும் ஏற்றத்தாழ்வை வாக்காளரே மாற்ற இயலும். பெரிய வணிக, தொழிற்சாலைச் சொத்துகளையாவது சந்தை மதிப்புக்குக் கொண்டுவர முயன்ற 15ஆம் முன்மொழிவை 2020இல் அவர்கள் நிராகரித்தனர்.