தண்டனையும் தராசும்

ஆலைச் சங்கொலி கேட்டுக் கண்விழித்த ஊர் நம் புதுவை. ஒரு தொழிலாளியின் வேலை போனால் ஒரு வீட்டின் அடுப்பே அணையும். எனவே, விதி மீறியவருக்கு நிருவாகம் தண்டனை விதிக்கும் முறையை நாம் அறிதல் நன்று.

முதற்கண் எழுத்து மூலம் குற்றச்சாட்டு, அடுத்து விளக்கம் கேட்டல், பின்னர் உள்விசாரணை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அவர் சார்பில் தொழிற்சங்க நிருவாகியும் பேசலாம். விசாரணை முடியும்வரை இடைநீக்கம் செய்தால், முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியம் பிழைப்பூதியமாகத் தரவேண்டும். குற்றம் மெய்ப்பட்ட பின்னரும் அதன் கடுமை, முந்தைய நடத்தை, சூழ்நிலை ஆகியவற்றை எடைபோட்டே எச்சரிக்கையா, பணிநீக்கமா என முடிவு செய்தல் வேண்டும். தக்கவாறு ஆராய்ந்து, குற்றத்திற்கேற்ப ஒறுக்க வேண்டும் என்று வள்ளுவர் அரசனுக்குக் கூறியதும் இதுவே.

குற்றம் சாட்டுபவரே தீர்ப்பும் அளிக்கலாமா என்ற ஐயம் எழும். முன்பெல்லாம் விசாரணை முறையாக நடந்திருந்தால் தண்டனையின் அளவில் தொழில் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது. 1971-ஆம் ஆண்டுத் திருத்தம், பணிநீக்கம் மிகையெனில் அதனைக் குறைக்கும் அதிகாரத்தை அளித்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அவ்வதிகாரம் இடம்பெற்றுள்ளது.

இவ்வுரிமைகள் எளிதில் கிட்டியவை அல்ல. சங்கம் அமைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் போராடிய புதுவைத் தொழிலாளர் பன்னிருவர், 1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலியாயினர். அவர்களிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அந்தப் பெரிய ஆலைகளின் சங்குகள் இன்று ஓய்ந்துவிட்டன. நாளை அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் அமரப்போகும் மாணவ நண்பர்களே, தண்டிக்கும் பேனா நம் கைக்கு வரும்போது, முதலில் கேட்போம், பிறகு எழுதுவோம்.