பளிங்கு மாதிரி தண்ணீர்... உள்ளே பாஷாணம்!

வங்கதேசத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டு முற்றத்து அடிபம்புக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கும். நாலு எட்டு தள்ளி, பக்கத்து வீட்டுப் பம்புக்குப் பச்சைச் சாயம். இரண்டிலும் வரும் தண்ணீர் ஒரே மாதிரிதான் இருக்கும். தெளிவு, குளிர்ச்சி, வாடை கிடையாது. ஆனால், சிவப்புப் பம்புத் தண்ணீரில் துணி துவைக்கலாம், குளிக்கலாம். குடிக்கவும் உலை வைக்கவும் கூடாது. காரணம், அதில் கரைந்திருக்கும் ஆர்சனிக்.

நம் ஊர் சித்த வைத்தியர்கள் தாளகம், மனோசிலை என்று சொல்லும் பாஷாணங்கள் எல்லாம் ஆர்சனிக் கலந்தவைதான். முறைப்படி சுத்தி செய்யாமல் அவற்றை மருந்தில் சேர்க்கமாட்டார்கள். அந்த ஆர்சனிக்கைத்தான் கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து உருவாக்கிய வங்காள டெல்டாவில், கோடிக்கணக்கான மக்கள் தெரியாமலே குடித்து வந்தார்கள்.

நல்லது செய்யப் போய்...

1970-களுக்கு முன்பு அங்கே குடிநீர் என்றால் குளம், குட்டை, ஆறுதான். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயின. அதைத் தடுக்க, யுனிசெஃப் உதவியோடு அரசாங்கம் ஊர் ஊராக அடிபம்பு போட்டது. செலவு குறைவு, வேலையும் சுலபம் என்பதால் பிறகு மக்களே லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். கிருமிக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருக்குமா என்று அப்போது யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1983-ல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்த தோல் மருத்துவர் கே.சி.சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலைப் பார்த்து, 'இது ஆர்சனிக் வேலை' என்று கண்டுபிடித்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி 1988-லிருந்து ஊர் ஊராகப் போய்த் தண்ணீரைச் சோதித்தார். முர்ஷிதாபாத், நாடியா, மால்டா, இரண்டு 24 பர்கானா மாவட்டங்கள் என்று பட்டியல் நீண்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்தில் 1993-ல்தான் முதல் கிணறு பிடிபட்டது. இந்தப் பக்கம் தெரிந்து பத்து வருஷம் கழித்து!

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வங்கதேச அரசு 50 வரை அனுமதித்திருக்கிறது. அந்த நாட்டு அரசும் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் சேர்ந்து எடுத்து, 2001-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவிகிதம் அந்த 50-ஐயும் தாண்டியிருந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் சுமார் மூன்றரைக் கோடிப் பேர்.

எங்கிருந்து வந்தது?

'உரம், பூச்சிக்கொல்லியால் வந்ததா?' என்ற கேள்விதான் விவசாயிகளுக்கு முதலில் எழும். இங்கே அது காரணமில்லை. இமயமலைப் பாறைகள் தேய்ந்து வந்த வண்டலிலேயே ஆர்சனிக் இருக்கிறது. இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு, சும்மா கிடக்கும். அதே வண்டலில் மக்கிய இலை, தழையும் புதைந்திருக்கிறது. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் அந்த மக்கைத் தின்னும்போது, துரு கரைகிறது. அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணீருக்குள் வந்துவிடுகிறது. வண்டல் படிந்த விதம் இடத்துக்கு இடம் மாறுவதால்தான் ஒரு பம்பில் விஷமும் பக்கத்துப் பம்பில் நல்ல தண்ணீரும் வருகின்றன. பெரும்பாலும் 500 அடிக்கு மேலே உள்ள நீரில்தான் இந்தச் சிக்கல். அதற்குக் கீழே இருப்பது பொதுவாக நல்ல நீர்.

உள்ளங்கை சொல்லும் சேதி

இந்த விஷம் உடனே கொல்லாது. பல வருஷம் குடித்த பிறகு நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோலப் புள்ளிகள் வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, காய்த்து, வெடிக்கும். மண்வெட்டி பிடித்த கையிலும் காய்ப்பு இருக்கும் என்பதால் உழைப்பாளிகள் முதலில் இதைப் பொருட்படுத்துவதில்லை. உள்ளே தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்தும், இதயநோயும் கூடுகின்றன. நல்ல சாப்பாடு இல்லாத உடம்பை அது சீக்கிரம் வீழ்த்துகிறது.

டாக்கா அருகே அரைஹஜாரில் ஏறத்தாழ 12,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே நடந்த சாவுகளில் சுமார் ஐந்தில் ஒன்றுக்கு, 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் உள்ள கிணற்று நீர் காரணம் என்று 2010-ல் கணக்கிட்டார்கள்.

இது தொற்றுநோய் இல்லை. ஆனாலும், தொழுநோய் என்று நினைத்து ஒதுக்கியதும், கைகால் தடித்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போனதும் அங்கே நிறைய நடந்தன. முறிக்கும் மருந்தென்று நம்பிக்கையாகச் சொல்ல எதுவுமில்லை. அந்தத் தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். கொதிக்க வைத்தாலும் ஆர்சனிக் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும்.

2000-லிருந்து சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, 14 லட்சத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். சாயத்துக்குப் பலன் இருந்தது. அரைஹஜாரில், 'உங்கள் கிணற்றில் இவ்வளவு இருக்கிறது' என்று சொல்லப்பட்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் வேறு பம்புக்கு மாறின. மாறியவர்களின் சிறுநீரில் ஆர்சனிக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. ஆனால், சாயம் மங்கிப்போனது. அதற்குப் பிறகு போட்ட லட்சக்கணக்கான பம்புகள் சோதனையைப் பார்க்கவே இல்லை. அரசு போட்ட ஆழ்துளைக் கிணறுகளும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அரசியல்வாதிகளுக்கு வேண்டியவர்கள் வாசலில் அவை போய் நின்றுவிட்டன என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016-ல் எழுதியது. இது எந்த நாட்டுக்காரருக்கும் புரியாத கதை இல்லை.

வயலுக்குள்ளும் வந்தது

குடிநீரை மாற்றினால் பாதிப் பிரச்னைதான் தீரும். அங்கே கோடையில் விளையும் 'போரோ' நெல்லுக்குப் பாய்வது பெரும்பாலும் இதே ஆழம் குறைந்த போர்வெல் தண்ணீர்தான். வருஷா வருஷம் ஆர்சனிக் மண்ணில் சேருகிறது. வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அது கரைந்து, சிலிக்கா போகும் வழியாகவே பயிருக்குள் ஏறிவிடுகிறது. மண்ணில் அளவு மிஞ்சினால் கதிர் நிமிர்ந்தே நிற்கும். உள்ளே பால் பிடிக்காமல் பதராகிவிடும். தானியத்தைவிட வைக்கோலில் ஆர்சனிக் அதிகம் என்பதால் மாட்டுக்கும் ஆபத்து. அரிசியில் பார்த்தால், தவிட்டில்தான் அதிகம்.

இதற்கு அங்கே சொல்லப்படும் வழிகளில் ஒன்று நம் விவசாயிகளுக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம்... காய்ச்சலும் பாய்ச்சலும்! துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் அடுத்த தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மண்ணுக்குக் காற்று கிடைப்பதால் ஆர்சனிக் பழையபடி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. டீசல் செலவும் மிச்சம்.

இன்னொரு வழி அடுப்படியில் இருக்கிறது. நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றிச் சோறு வடித்துக் கஞ்சியைக் கொட்டினால், அரிசியில் உள்ள ஆர்சனிக்கில் ஒரு பகுதி போய்விடும். குக்கர் சோற்றில் அது அப்படியே தங்கிவிடும். உலை வைப்பதே சிவப்புப் பம்புத் தண்ணீரில் என்றால், சோறு அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

நம் கிணறு எப்படி?

காவிரி டெல்டாவின் கதை வேறு. நாகப்பட்டினம் மாதிரி கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீருக்கு வந்திருக்கும் பெரிய கேடு உப்பு. உப்பு நாக்கில் தெரிந்துவிடும். ஆர்சனிக், நைட்ரேட், ஃபுளோரைடு மூன்றும் பாதுகாப்பு அளவைத் தாண்டியிருந்தாலும் நாக்கு காட்டிக்கொடுக்காது.

விவசாயிகள் பாசன நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உவர், களர் தன்மை பார்ப்பதுண்டு. அது பயிருக்கான சோதனை. வீட்டில் குடிக்கும் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். வழக்கமான சோதனையில் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஆர்சனிக் அதில் இல்லையென்றால் தனியாகக் கேட்க வேண்டும். பம்பைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். போர்வெல்லின் ஆழத்தையும் பாட்டில்மேல் எழுதிக் கொடுக்கலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏற்கெனவே சோதித்துவிட்டார் என்பதற்காக, நம் கிணற்றை விட்டுவிட முடியாது.