குரல்கள் – 9: குளிக்கச் சொன்ன குரல்

ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 உயிர்களைக் கொண்டுபோன 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதித் தீயோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் மாத்திரைகளைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். அதற்குள் ஓர் ஆய்வு கையில் சிக்கிவிட்டது. சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

மானுடவியலாளர் டான்யா லூர்மன், மனச்சிதைவு நோய் ஆய்வு அமைப்பான சென்னை ஸ்கார்ஃபின் மருத்துவர்கள் பத்மாவதி, ஹேமா தரூர் உள்ளிட்டோருடன் சேர்ந்து செய்தது. அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை. ஊருக்கு 20 பேர். எல்லோருக்கும் மனச்சிதைவு நோயினால், பேச ஆளில்லாமலே குரல் கேட்கிறது. கேட்கிறதா, இல்லையா என்பதோடு விட்டுவிடாமல், பேசுவது யார், என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து விசாரித்தார்கள். அமெரிக்கர்கள் சொன்னதில் வெட்டும் குத்தும் சித்திரவதையும் நிறைந்திருந்தன. குரலால் தனக்கு நல்லதே அதிகம் என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. சென்னையிலோ பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பேசியது சொந்தக்காரர்கள். போய்க் குளி, சமையலைப் பார், வீட்டைப் பெருக்கு என்று அதட்டும் பெரியவர்கள்! படித்ததிலிருந்து இதையே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சென்னைக் குரல்கள் எல்லாமே கனிவானவை அல்ல. கேவலமாகப் பேசிக் கூசவைத்தவையும் உண்டு. ஆனாலும், வளர்ந்த வீட்டில் புழங்கிய பேச்சுதான் நோயிலும் ஒலிக்கிறது.

அப்படியானால், வீட்டுப் பேச்சைவிட மெஷின் இரைச்சலே அதிகம் கேட்கும் திருப்பூரில்? மனநல மருத்துவர்கள் வெகுகாலமாகக் கவனித்துவரும் ஒன்று உண்டு. சிலருக்கு ஃபேன் ஓடும்போதோ குழாயில் தண்ணீர் கொட்டும்போதோ மட்டும், அந்த ஓசையோடு சேர்ந்து குரல் கேட்கும். ஓசை நின்றால் குரலும் நின்றுவிடும். ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் இருபது வயதுப் பையனுக்கு இப்படித் தொடங்கினால் யாருக்குத் தெரியும்? பக்கத்து மெஷின்காரர் தன்னைத்தான் ஏசுகிறார் என்று நினைப்பான். திரும்பிப் பார்ப்பான், அவர் வாய் அசைந்திருக்காது. அந்த இரைச்சலில் அதையும் நம்ப முடியாது. தூக்கம் போகும், பீஸ் குறையும். சூப்பர்வைசர் கண்ணுக்கு அது ராத்திரி குடித்த கோளாறு.

இவ்வகை மனநோய் முதன்முறை வந்தவர்களை ஸ்கார்ஃப் சென்னையிலும், மெக்கில் பல்கலைக்கழகத்தார் மான்ட்ரியலிலும் தொடர்ந்து கவனித்து ஒப்பிட்டார்கள். சென்னையில் குடும்பங்கள் சிகிச்சையில் கூடவே நின்றன. ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி குவார்ட்டர்ஸில் படுத்திருப்பவனுக்குக் கூட நிற்க யார் இருக்கிறார்கள்? ஒடியாவில் அதட்டும் குரலை இங்குள்ள மருத்துவரிடம் எப்படி விளக்குவான்? எனக்கு இதுதான் ஆறவில்லை. கம்பெனிக்காரர்கள் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிக்கும் முன், “யாரு கண்ணு பேசறாங்க? என்ன சொல்றாங்க?” என்று ஒருமுறை கேட்கலாம். அவன் சொல்வதை மறுத்து வாதாடாமல், சிரிக்காமல், முழுக்கக் கேட்க வேண்டும். பிறகு மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். நாள் கடத்தக் கடத்தக் குணமாவது கடினமாகும். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லாதது. இந்தி, ஒடியா உட்படப் பல மொழிகளில் பேசலாம். குவார்ட்டர்ஸ் சுவரில் அதை எழுதிவைக்க ஒரு பெயின்ட் டப்பா போதும்.

மாத்திரைகள், அவற்றைப் பாதியில் நிறுத்துவது ஏன் என்பது, அடுத்த வாரம்.