ராஜா மார்பில் யானை தெரிய வேண்டாமா?

பட்டுப்புடவை பராமரிப்பு, வெள்ளி விளக்கு துலக்குவது என்று இந்தப் பகுதியில் சகோதரிகள் எவ்வளவோ எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது பீரோவுக்குள் தூங்கும் பழைய நாணயங்களைப் பற்றி. எங்கள் மயிலாப்பூர் பக்கத்தில் பழைய குடும்பம் என்றால், தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் நாலாவது இருக்கும். நாத்தனார் அடையாறில், கொழுந்தனார் அமெரிக்காவில் என்று ஆன பிறகு, பாகம் பிரிக்கும்போதுதான் அதன் ஞாபகமே வரும்.

என் மாமனார் ஒவ்வொரு காசையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒன்று 1911-ம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். இதற்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் மார்பில் தொங்கும் மாலையில் குட்டியாக ஒரு யானை. தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டதால் அது பன்றி மாதிரி தெரிந்ததாம். ஜனங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. சர்க்கார் அந்த ரூபாயை நிறுத்தி, அடித்து வைத்திருந்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-ல் யானையைத் திருத்தி வேறு அச்சு போட்டது. அதனால்தான் 1911-க்கு மவுசு. வருஷ எண்ணைச் சுரண்டி 1911 ஆக்கினாலும், யானையைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

தி.நகரில் ஒரு கடையில் காட்டியபோது தராசில் போட்டு வெள்ளி விலைதான் சொன்னார்கள். கொழுந்தனாரோ, "அண்ணி, நீங்க அனுப்பிடுங்க, இங்கே விசாரிக்கிறேன்" என்றார். அனுப்பக் கூடாது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம். போகக்கூடியது போட்டோ மட்டும்தான். அப்படியானால் போட்டோவில் யானை தெரிந்தாக வேண்டுமே!

பிளாஸ்டிக் உறைக்கு மேல் ஃபிளாஷ் அடித்தால் ராஜாவின் மார்பில் வெள்ளைத் தேமல் விழும். சரியாக யானை இருக்கிற இடத்தில். விலை உயர்ந்த செல்போன் இருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் குறை கேமராவில் இல்லை, வெளிச்சம் வரும் திசையில் இருக்கிறது. கேரம் போர்டில் காய் ஓரத்தில் பட்டு எப்படித் திரும்புகிறதோ, அப்படித்தான் வெளிச்சமும் பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்புகிறது. திரும்புகிற வழியில் கேமரா இல்லாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

ஃபிளாஷையும் தலைக்கு மேலுள்ள டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள். நாணயத்தை மேஜையில் கறுப்பு சார்ட் பேப்பர் மேல் வைத்து, ஒரே உயரத்தில் இரண்டு பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவே செல்போனைப் பாலம் மாதிரி படுக்க வையுங்கள். கை ஆடாது, படமும் கோணாது. மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்வாக வைத்து, அதன் முன் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்தால் வெளிச்சம் மிருதுவாகும். சூடான பல்பில் பேப்பர் படவே கூடாது. விளக்கை ரொம்பத் தாழ்த்தினால் உறையில் உள்ள கீறலெல்லாம் மின்னும், ரொம்ப உயர்த்தினால் மறுபடி தேமல் வரும். நாணயத்தை அசைக்காமல் விளக்கை மட்டும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள், ஓரிடத்தில் யானை 'டக்'கென்று எழும்பி நிற்கும்.

இன்னும் கூரையோ முகமோ பிளாஸ்டிக்கில் தெரிந்தால், இன்னொரு கறுப்பு சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு செல்போனுக்கு அடியில் ஒட்டுங்கள். (வெளிர் நிறப் புடவையும் கட்டிக் கொள்ளாதீர்கள், அதுவும் உள்ளே வந்து விழும்!) ரொம்பக் கிட்டே போகாமல் ஒரு சாண் தள்ளி இரண்டு மடங்கு ஜூம் வைத்து, திரையில் ராஜாவின் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். இல்லாவிட்டால் உறையின் தூசிதான் துல்லியமாக விழும். மூன்று விநாடி டைமர் வைத்தால் விரல் பட்டு ஆடுவதும் இல்லை. இரண்டு பக்கமும் எடுங்கள்.

படம் நன்றாக வரட்டும் என்று நாணயத்தைப் புளி, விபூதி, பேஸ்ட் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள், புண்ணியமாகப் போகும்! தேய்த்தால் பளபளக்கும், மதிப்பு இறங்கிவிடும். கம்பெனி சீல் வைத்த கெட்டி டப்பாவாக இருந்தால் திறக்கவே வேண்டாம், மேலே மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஆனால் மெத்தென்ற பி.வி.சி. உறை என்றால் கவனியுங்கள். வருஷக்கணக்கில் கிடந்தால் அதிலிருந்து பச்சைப் பிசுக்கு கசிந்து காசை அரிக்கும். மைலார் உறைக்கு மாற்றிவிடுங்கள், ஓரத்தைப் பிடித்து, கைரேகை படாமல்.

போட்டோவைப் பார்த்துவிட்டு யாராவது போன் செய்து, லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்றால் நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

எங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த கொழுந்தனார், "அண்ணி, நிஜமாவே பன்றிதான்!" என்று சிரித்தார். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

- ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை-4